எங்கிருந்து, எங்கே

வெள்ளிக்கிழமை மீனை நஜீபாதான் ஆய்வாள். என் நாத்தனார். விரலெல்லாம் செதிலாக நிற்பவளைப் பார்த்து நான் சிரித்தால், "இதுல தப்பு பண்ணினா முள்ளுதான் குத்தும் அண்ணி" என்பாள். போன மாதத்திலிருந்துதான் இந்தப் பேச்சு.

ஸ்பாக்ஸ் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனியின் கணினிகள் அவள் பொறுப்பில். அடிக்கடி செய்யும் வேலையைக் கட்டளையாக எழுதி, அதற்கொரு பெயர் வைத்துவிடுவாள். பெயரைத் தட்டினால் வேலை நடக்கும். பிரதி எடுக்கும் கட்டளைக்குப் பின்னால் இரண்டு வட்டுகளைச் சொல்ல வேண்டும்: எங்கே, எங்கிருந்து. ஆபீசில் பல வருஷமாக அந்த வரிசைதான். எங்கிருந்து எடுக்கிறோமோ அந்த வட்டு காலியாக இருந்தால் அங்கேயே நின்றுவிட, உள்ளே ஒரு காவல் வரியும் உண்டு.

அவள் அக்கா செல்வா, என் மாமனார் கடைசியாகப் படுத்திருந்தபோது அவர் பேசியதையெல்லாம் போனில் பதிவு செய்திருந்தாள். கெர்கெனாத் தீவில் பனையோலை வேலி கட்டி மீன் பிடித்தது, மாமியாரைப் பெண் பார்க்கப் போய் நாய்க்குப் பயந்து ஓடியது. போன் நிரம்பியதும் ஒரு வட்டுக்கு மாற்றினாள். அவர் போன பிறகு, "இன்னொரு பிரதி எடுத்துக் குடுடி" என்று புது வட்டோடு வந்தாள்.

அக்கா இனிமேல் தானே எடுத்துக்கொள்ளட்டும் என்று நஜீபா அவளுக்காகவே புதிதாக ஒன்று எழுதினாள். அவளுக்குச் சுலபமாக இருக்கட்டுமென்று வரிசையைத் திருப்பினாள்: எங்கிருந்து, எங்கே. காவல் வரி போடவில்லை. வீட்டுக்குத்தானே.

எழுதியது அவளேதான், ஆனால் ஓட்டிப் பார்க்கும்போது விரல்கள் ஆபீஸ் வரிசையில் போயின. முதலில் சொன்ன புதுக் காலி வட்டையே மூலமென்று எடுத்துக்கொண்டு, அதேபோல மாமனாரின் பேச்சு இருந்த வட்டையும் துடைத்து வைத்தது கட்டளை. தலைநகர் தூனிஸ் வரை வட்டைக் கொண்டுபோய்ப் பார்த்தாயிற்று. எதுவும் மீளவில்லை.

இன்று நஜீபா மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது செல்வா வந்தாள். கைப்பையைக்கூட இறக்கவில்லை.

"உன் ஆபீஸ்ல இப்படி ஆகியிருக்குமா?"

"ஆகாது அக்கா. அங்க காவல் போட்டிருக்கேன்."

"சக்கரை மூட்டைக்குக் காவல். அப்பாவுக்கு வேண்டாம்னுட்டே."

"விடு செல்வா, டீ குடி" என்றேன். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. போனை எடுத்து அழுத்தினாள். முதல் நாள் சோதனைக்காக எடுத்தது, மாற்றாமல் அதிலேயே தங்கியிருக்கிறது. மாமனாரின் குரல்: "ஓடுதா இது? நிறுத்தும்மா, சூப்பு ஆறுது."

அவ்வளவுதான்.

நஜீபா அவசரமாகக் கையைக் கழுவினாள். மணம் போகாத கையை நீட்டினாள்.

"அக்கா, இதையாவது குடு. ரெண்டு இடத்துல பத்திரமா வெச்சுத் தரேன். நீ பக்கத்துல உக்காந்து பாரு. குடுக்கிறியா?"

செல்வா போனைப் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு சமையலறையை விட்டு வெளியே போனாள்.