தறிச் சத்தத்துக்கு அடியில் ஒரு குரல்

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஆடி மாசம், எங்க ஆரணியில நடந்தது. நாங்க நாலு பேரு சேர்ந்து ஒரு மெட்டல் பேண்டு வச்சிருக்கோம். 'பட்டுப் புடவை ஊர்ல மெட்டலா?'ன்னு சிரிக்காதவங்க கெடையாது. சிரிச்சுட்டுப் போங்கன்னு விட்டுட்டோம். கிதார் நான். மெட்டுப் போடறதும் நான்தான், அந்தத் திமிரும் எனக்கு நெறைய உண்டு.

டிரம்ஸ் வாசிக்கிறவன் வீட்டுக்கு ஒரு பவர்லூம் ஷெட் இருக்கு. அமாவாசை அன்னைக்குத் தறி ஓட்ட மாட்டாங்க. மாசத்துல அந்த ஒரு நாள்தான் ஷெட்டு எங்களுக்கு. மத்த நாள்ல அவனவன் வீட்ல தனியா வாசிச்சுகினு கெடப்போம்.

எங்க பாட்டெல்லாம் ஒரே வேகம். பாடுறவன் உச்சியில போய் நிப்பான், ஜனங்க அதுக்குத்தான் விசிலடிப்பாங்க. அவன் ஓசூர்ல வேலை கெடச்சுப் போயிட்டான். வேலூர்ல ஒரு காலேஜ் விழாவுக்கு வேற ஒத்துகினு இருந்தோம். அப்பத்தான் டிரம்மரோட சித்தி பொண்ணு, அதே ஷெட்டுல தறி பாத்துகினு இருந்த பொண்ணு, 'நான் பாடறேன்'னு வந்துச்சு. பொண்ணு குரல்தானே, இன்னும் மேல போகும்னு நான் ஸ்ருதியை ஏத்தி வச்சேன். அது பாடி ஒரு வரிகூட நான் கேட்டதில்ல. அவ்ளோ புத்திசாலி நான்!

ஆடி அமாவாசைக்கு ஷெட்டுல ஆரம்பிச்சோம். மூணாவது பாட்டுல அதுக்குத் தொண்டை கட்டிகிச்சு. நாலாவதுல கீச்சுனு ஒடஞ்சு போச்சு. விழாவுக்குப் பதினெட்டு நாள்தான், அடுத்த அமாவாசை அதுக்கப்புறம்தான் வருது. எனக்கு ஒரே பேஜாரு. "பாட வராதுன்னா எதுக்கும்மா வந்த?"ன்னு எல்லார் எதிர்லயும் கேட்டுட்டேன்.

அழும்னு நெனச்சேன். தண்ணி குடிச்சுட்டு என்னை நேராப் பாத்துச்சு. "எனக்குப் பாட வரும்ணா. இது முன்ன பாடினவரு தொண்டைக்குப் போட்ட மெட்டு, அதையும் ஏத்தி வச்சிருக்கீங்க. நீங்க எறக்குங்க, நான் பாடறேன்."

என் மெட்டை நான் எறக்கறதா? கிதாரைப் பையில போட்டுகினு கெளம்பிட்டேன்.

மறுநாள் காலையில, விழாவே வேணாம்னு சொல்லிடலாம்னு ஷெட்டுக்குப் போனேன். எட்டுத் தறியும் ஓடிகினு இருந்துச்சு. வாசல்ல நின்னு தொண்டை கிழியக் கத்தி டிரம்மரைக் கூப்பிட்டேன். ஒருத்தரும் திரும்பல. கடைசித் தறிகிட்ட இருந்த அந்தப் பொண்ணு மட்டும் தற்செயலா என்னைப் பாத்துச்சு. அது கத்தல, வாயைக்கூடப் பெருசாத் தொறக்கல. "அண்ணன் பாவு நூல் எடுக்கப் போயிருக்கு, உள்ள வந்து உக்காருங்க." கனமான கீழ்க்குரல். அத்தனை தடதடப்புலயும் ஒரு எழுத்து விடாம எனக்குக் கேட்டுச்சு.

தூக்கிவாரிப் போட்டுச்சு எனக்கு. நாங்க மேடையில போடறதும் இதே சத்தம்தானே? நாளெல்லாம் தறிக்கு நடுவுல பேசிப் பேசி அடியில நிக்கப் பழகின குரலை நான் மேல ஏத்தி ஒடச்சிருக்கேன். அவமானமா இருந்துச்சு.

அன்னைக்கே கிதார் கம்பியெல்லாம் தளர்த்தினேன். ஆறு பாட்டையும் எறக்கினேன், வேகத்தையும் கொறச்சேன். கை பழைய எடத்துக்கே ஓடும், திட்டித் திட்டித் திருப்பிகினு வந்தேன். ஷெட்டு கெடைக்காததால தறி ஓடும்போதே அந்தப் பொண்ணு பாடிப் பழகுச்சு. சாயந்தரமானா டிரம்மர் வீட்டு மொட்டை மாடியில கூடுவோம், அவன் தொடையில தாளம் போடுவான். "இன்னும் கொஞ்சம் எறக்குங்கண்ணா"ன்னு அந்தப் பொண்ணு சொன்னப்பல்லாம் மறுபேச்சுப் பேசாம எறக்கினேன்.

வேலூர்ல மேடை ஏறினதுமே "பழைய சிங்கர் எங்கடா?"ன்னு கூச்சல். அந்தப் பொண்ணு மைக்கைக் கிட்ட இழுத்து, "இன்னைக்கு நான்தான்"னு சொல்லிட்டு டிரம்மரைப் பாத்துத் தலையாட்டுச்சு. மொத பாட்டு முடியறதுக்குள்ள கூச்சல் அடங்கிச்சு. கடைசிப் பாட்டுக்கு முன்வரிசை மொத்தமும் எழுந்து நின்னுடுச்சு. பழைய ரசிகருங்க பாதிப் பேரு 'இது அந்த பேண்டே இல்ல'ன்னு போயிட்டாங்க. வாஸ்தவம்தான், அந்த பேண்டு இல்லதான்.

எறங்கினதும் மன்னிப்பு கேட்டேன். "அத வுடுங்கண்ணா, அடுத்த பாட்டை எனக்குன்னு போடுங்க"ன்னுச்சு.

ஒருத்தர் பாட்டைக் கெடுக்கறதுக்கு, அவங்க பேசறதைக் காது குடுத்துக் கேக்காம இருந்தாலே போதும்னு இப்ப எனக்குத் தெரியும். அதனால இப்பல்லாம் மெட்டுப் போடறதுக்கு முன்னாடி பாடப் போறவங்க எதிர்ல நான் வாயை மூடிகினு உக்காந்துக்கறேன்.