யானை வயிற்றில் ஏட்டய்யாவின் கட்டைவிரல்

நானும் என் கூட்டாளியும் ஒரே ஊர். நான் ஊருக்குள், அவன் காலனி. அவன் வீட்டில் அச்சில் யானை பொம்மை வார்த்து, விருத்தாசலத்துப் பொதுச் சூளைக்கு ஆளுக்கொரு சைக்கிளில் கொண்டுபோவோம். அங்கே காயவைத்துத்தான் சுடுவார்கள். அதுவரை ஈர மண்; விரல் பட்டால் பதியும், அமுக்கினால் நசுங்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ரயில்வே கேட்டருகே சாராயம் பிடிக்கிறேன் என்று ஒரு ஏட்டய்யா நிற்பார். என் நிறம் கொஞ்சம் வெளுப்பு, நெற்றியில் பட்டையாகத் திருநீறு. என்னைக் கண்டதும் "போ தம்பி" என்று கையாட்டுவார். பின்னால் வரும் அவனிடம், "டேய், எந்த ஊரு? எந்தத் தெரு?" தெருவைச் சொன்னதும் கூடையை இறக்கச் சொல்வார். ஒருநாள் அவனும் திருநீறு பூசிக்கொண்டு வந்தான். "இன்னிக்கு என்னடா வேஷம்?" என்று மடியையும் சேர்த்துத் தடவினார்.

பழைய பேப்பர் கடையில் தமிழில் அரசியல் சட்டப் புத்தகம் ஒன்று வாங்கியிருந்தேன். சாதியைப் பார்த்து அரசாங்கம் யாரையும் வேறாக நடத்தக் கூடாது என்பதை அவனுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் எழுதியிருக்காங்க. அந்தப் புத்தகத்த கேட்டாண்ட நிக்க வெச்சிட்டு வா. நாம பொம்மைய பாப்போம்" என்றான்.

வேப்பூர் பஸ் நிறுத்தத்துக் கடைக்காரர் மாதிரிக்குப் பன்னிரண்டு யானை கேட்டிருந்தார். பிடித்தால் மாதாமாதம் எடுத்துக்கொள்வாராம். ஏட்டய்யாவின் சோதனையிலேயே இரண்டு தடவை நசுங்கிப்போய், மூன்றாவது தடவையாக வார்த்தோம். கடைக்காரர் கொடுத்த கடைசித் தவணை அதுதான்.

"எல்லாத்தையும் என் சைக்கிள்ல வெச்சிடலாம்டா" என்றேன்.

"என் பொம்மை உன் நெத்திய காட்டித்தான் கேட்ட தாண்டணுமா? போடா."

அன்று ஏட்டய்யா ஒவ்வொரு யானையாகத் தூக்கி, அடிவயிற்று ஓட்டையில் மூக்கை வைத்து மோந்தார். "உள்ளாற என்னடா ஊத்தி வெச்சிருக்க?"

"காத்துதாங்க. அதுக்கும் கேஸு உண்டுங்களா?"

எரிச்சலில் கடைசி யானையை வயிற்றுப் பக்கம் அழுத்தினார். கட்டைவிரல் அச்சாக இறங்கியது. நல்லவேளை, நசுங்கவில்லை. சூளையில் அதை நான் தடவிச் சமன்செய்யப் போனேன். கையைத் தட்டிவிட்டான். "தொடாத. சுடட்டும்."

கடைக்காரருக்குப் பதினோரு யானைதான் போயின. குறை சொல்லாமல் வாங்கி, அடுத்த மாதத்துக்கும் சொல்லிவிட்டார்.

பன்னிரண்டாவதைத் துணியில் சுற்றி மறுமுறை கேட்டுக்குக் கொண்டுவந்தான் அவன். நான் என் கூடையோடு முன்னால் போய் ஒரு காலூன்றித் திரும்பிப் பார்த்தேன்.

"எப்பவும் எங்காளுங்க ரேகையத்தானே எடுப்பீங்க. ஒரு மாறுதலுக்கு உங்களோடத எடுத்திருக்கேன், பாருங்க."

லத்தி இறங்கும் என்றே நினைத்தேன். ஏட்டய்யா யானையை வாங்கினார்; சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு, கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. கேட்டில் நின்ற பஸ்ஸிலிருந்து யாரோ சிரித்தார்கள்.

யானையை அவன் கையிலேயே திணித்து, "போ" என்றார். கடுப்பை யார்மேலாவது காட்ட வேண்டுமே. என் பக்கம் திரும்பினார். "டேய்! நீ எந்தத் தெரு?"

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், திருநீறு இருந்தது. அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

கேட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, அவன் மணியை அடித்துக்கொண்டேயிருந்தான். "சொல்லுடா! அய்யா கேக்கறாங்கல்ல! கூடைய எறக்கு!"