நபீலாவுக்குக் கொடுக்காத பாண்

ஓர்ஸ் ஹில்லில் ஓர் அலுவலகத்தில் நானும் நபீலாவும் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்து தட்டச்சு செய்தோம். கடலுக்கு அக்கரையிலுள்ள கிண்ணியாவிலிருந்து அவள் தினமும் படகேறி வருவாள். புதன்கிழமைகளில் நான் மாவைப் புளிக்கவைத்து, மாஜரினில் உள்ளிப்பூண்டைக் குழைத்துத் தடவி, வீட்டிலேயே பாண் சுட்டுக் கொண்டுபோவேன். மதியம் இருவரும் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிடுவோம்.

அந்த வருடம் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் கொலைகள் விழுந்தன. அலுவலகத்தில் மற்றத் தமிழர்கள் அவளோடு கதைப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒரு புதன்கிழமை நான் பாண் பொதியை எடுத்தபோது எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்குப் பயம் வந்துவிட்டது. பொதியை மேசை லாச்சிக்குள் தள்ளி மூடினேன்.

“உள்ளி வாசம் வருதே, இண்டைக்கும் சுட்டீங்களா?” என்று நபீலா கேட்டாள்.

“ஓம், ஆனா கருகிப் போச்சு. தின்ன ஏலாது.”

கருகிய பாண் அப்படி மணக்காது. அவள் ஒரு கணம் லாச்சியைப் பார்த்தாள். பிறகு தன் சோற்றில் பாதியை மூடியில் போட்டு என் பக்கம் நகர்த்தினாள்.

“அதுக்காகப் பசியோட இருக்காதீங்க. இதச் சாப்பிடுங்க.”

தலை நிமிராமல் சாப்பிட்டேன்.

மறுநாள் படகு ஓடவில்லை. வாரங்கள் கழித்து ஓடத் தொடங்கியபோதும் அவள் வரவில்லை. கிண்ணியாவிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் விசாரித்தேன். குடும்பத்தோடு ஊரை விட்டுப் போய்விட்டாள் என்றார்கள். எங்கே என்று எவருக்கும் தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்பது ஒருபுறம் இருக்கட்டும். இன்னும் ஒரேயொரு மதியம் அவள் பக்கத்தில் இருந்து, பொய் சொல்லாமல் கதைத்துக்கொண்டிருக்க வேண்டும். இத்தனை வருடங்களாக என் ஆசை அவ்வளவுதான்.