பாம்பு தின்றதைப் புடைத்தவள்

அற்புதமலருக்கு எதைக் கண்டாலும் அருவருப்பு. பாரிசில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் தேநீர் குடிக்கப் போனாலும் கோப்பையின் விளிம்பை மூன்று தரம் துடைக்காமல் வாயில் வைக்கமாட்டாள். மன்னாரில் பிறந்தும் மீன் செதிலைக் கண்டால் மூக்கைப் பொத்துகிறவள் என்று சொந்தக்காரர் சிரிப்பார்கள். இப்படிப்பட்டவளுக்குத்தான் ஆண்டவர் பாம்புக் கழிவு கழுவும் வேலையைப் பார்த்து வைத்திருந்தார்.

2011இல் ஒரு துப்புரவு நிறுவனம் அவளை நகரத்தின் தெற்கே, ஊர்வன பற்றிய ஓர் ஆய்வுகூடத்துக்குத் தரை துடைக்க அனுப்பியது. கிழமைக்குப் பத்து மணித்தியாலம். அதைக் காட்டிக் கணவன் லோறன்ஸைப் பிரான்சுக்கு எடுக்க முடியாது. முழுநேர வேலை வேண்டும், நிரந்தர ஒப்பந்தம் வேண்டும், ஒரு வருடமாவது செய்திருக்கவும் வேண்டும். அவன் மன்னாரில் காத்திருக்கத் தொடங்கி ஐந்து வருடம் ஆகியிருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் அதே கேள்விதான்: “என்னவாம், பேப்பர் சரிவருமோ?”

ஆய்வுகூடத் தலைவி மரி-லூயிஸ் ஒருநாள் அவளைக் கூப்பிட்டாள். மாதிரிகளைக் கழுவிப் பிரிக்க நிரந்தரமாக ஓர் ஆள் தேவை, வருகிறாயா என்று கேட்டாள். மலர் மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள். அதன் பிறகுதான் அலமாரியைத் திறந்து காட்டினார்கள். மத்தியதரைக் கடல் தீவுகளில் பாம்புகள் போட்ட கழிவும், பிடித்து வயிற்றைத் தடவியபோது அவை கக்கியதும், போத்தல் போத்தலாக.

பாம்பென்றால் படையும் நடுங்குமாம். நடுங்கட்டும், மலருக்கு ஓங்காளம்தான் வந்தது. முதல் போத்தலில் பாதி செரித்த பல்லியொன்று கஞ்சிபோலக் கரைந்து கிடந்தது. அதன் தோல் கழன்ற கையில் ஐந்து விரலும் நகமும் அப்படியே இருந்தன. கழிப்பறைக்கு ஓடி, காலையில் குடித்த பாலோடு முந்தைய இரவுச் சோற்றையும் கொட்டினாள். திரும்பி வந்து அடுத்த போத்தலைத் திறந்தாள். வேறு வழி?

நாற்றம் தலைமயிரில் ஏறி மெட்ரோவிலும் கூடவே வந்தது. எந்தப் பாம்பு எதைத் தின்னும் என்று அறியும் ஆசை அவளுக்குத் துளியும் இல்லை, இருந்தும் தெரிந்துபோயிற்று. ஒன்று எலிமயிரும் வெட்டுக்கிளிக் காலுமாய்ப் போடும். இன்னொன்றுக்குப் பல்லியை விட்டால் வேறு கதி இல்லை. பெரிய சாதி ஒன்று மற்றப் பாம்பையே விழுங்கும். சீ, இனத்தையே தின்னும் சனியன். ஒரு தீவின் விரியன், கடல் கடந்து வரும் குருவிகளுக்காக வருடத்தில் இரண்டு பருவம் வாய்பார்த்துக் கிடந்துவிட்டு, மிச்ச நாளெல்லாம் கிட்டத்தட்டப் பட்டினி. மரி-லூயிஸ் அதைச் சொல்லும்போது கண்கலங்குவாள். மலருக்கு இரக்கம் வரவில்லை. இறகு ஒட்டிய எச்சத்தைச் சுரண்டுகிறவளுக்கு எங்கேயிருந்து வரும்?

மாணவர்கள் இடுக்கியால் ஒவ்வொரு செதிலாகப் பொறுக்கினார்கள். ஒரு போத்தலுக்கு அரை நாள். இந்த அரியண்டத்துக்கு முன்னால் அவ்வளவு நேரம் யார் குந்தியிருப்பது? மலர் லா சப்பல் கடையில் சின்னச் சுளகொன்று வாங்கிப் போனாள். கழுவிக் காயவைத்ததை அதில் இட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மெல்லத் தெள்ளினாள். எலும்பும் பல்லும் ஒரு பக்கம் ஒதுங்கின, செதிலும் மயிரும் மறுபக்கம். மரி-லூயிஸ் வாயைப் பிளந்தாள். அது கெட்டித்தனமல்ல, சீக்கிரம் தொலையட்டும் என்ற அவசரம் என்று அவளுக்கு யார் சொல்வது?

2013இல் அந்த ஒப்பந்தத்தின் புண்ணியத்தில் லோறன்ஸ் வந்து இறங்கினான். “மனிசி பாரிசிலை லபோவிலை வேலை” என்று, ஆய்வுகூடத்தைப் பிரெஞ்சில் சொல்லி, ஊரெல்லாம் பெருமையடித்துவிட்டு வந்திருந்தான். இரண்டாம் கிழமை, அவளைக் கூட்டிவர ஆய்வுகூடத்துக்கே போனான். மலர் சுளகோடு நின்றாள், பக்கத்தில் கழுவாத போத்தல்கள். அதற்குள் என்னவென்று கேட்டான். அவள் மறைக்காமல் சொன்னாள். மெட்ரோவில் அவன் ஓர் இருக்கை தள்ளி இருந்தான்.

வீட்டில் சோறும் மீன்குழம்பும் போட்டு வைத்தாள். அவன் கையை மடியில் வைத்தபடி இருந்தான்.

“கை கழுவினனியோ?”

“ஓம்.”

“எத்தினை தரம்?”

“வந்த நாள் தொடக்கம் இந்தக் கையாலைதானே சாப்பிடுறியள்.”

“அது தெரியாமல் சாப்பிட்டது. நான் வெளியிலை சாப்பிட்டிட்டு வாறன்.”

மலர் தட்டை அவன் முன்னால் தள்ளினாள். “இருங்கோ. இந்தக் கை அந்தப் பீயைக் கழுவினபடியால்தான் நீங்கள் இந்தக் கதிரையிலை இருக்கிறியள். சாப்பிட்டிட்டு எழும்புங்கோ.”

அவன் ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தான். விழுங்கியும் விட்டான் போலிருந்தது. உடனே பாய்ந்துபோய்க் குசினித் தொட்டியில் எல்லாவற்றையும் கக்கினான்.

மலர் பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை போத்தல் திறந்தபோதும் வராத வெறுப்பு அப்போது அவன்மேல் வந்தது. அவன் வாயைத் துடைத்துக்கொண்டு ஜன்னலடிக்கு ஒதுங்கினான். தொட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. கழுவியது அவள்தான். ஆய்வுகூடத்தில் என்றால் கையுறையாவது கொடுப்பார்கள்.