ரேலீன் துடைத்த புள்ளிகள்

கொடியில் கிடந்த வெள்ளைத் துணிகளை ரேலீன் பவோனி அவசரமாக உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்து நிலத்துக்காரர் அப்போதுதான் போனில் கூப்பிட்டிருந்தார். "சாயங்காலம் கொளுத்தப்போறோம் ரே. துணி கெடந்தா எடுத்துடு."

ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் ஹோம் ஹில்லில் இந்த போன் வராத வீடு கிடையாது. வெட்டுவதற்கு முன்னால் கரும்புத் தோட்டத்துக்குத் தீ வைப்பார்கள். எரிந்த கரும்பு இலைச் சோகை கருப்பு இறகுகளாக மேலே போய், ஊர் முழுக்க மெதுவாக இறங்கும். துணியில் விழுந்த கரியைக் கையால் துடைக்கக் கூடாது, கோடு இழுத்துவிடும். உதறத்தான் வேண்டும். இது தெரியாமல் இங்கே கல்யாணமாகி வந்த பெண்கள் முதல் வருஷம் அழுதிருக்கிறார்கள். ரேலீனும் அழுதவள்தான். இப்போது அவளுக்கு அறுபத்திரண்டு வயது, அரை நிமிஷத்தில் கொடி காலியாகிவிடும்.

துணிகள் எல்லாம் அவள் கணவன் ரீனோவுடையவை. புல்தரையில் பந்து உருட்டும் போல்ஸ் ஆட்டத்துக்கு எங்கள் கிளப்பில் இன்னமும் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, அகல விளிம்புத் தொப்பிதான். ரீனோவின் அப்பா இத்தாலியிலிருந்து கரும்பு வெட்ட வந்தவர். மகன் நிலம் வாங்கினான், உழைத்தான், முதுகு போன பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பந்து உருட்டுகிறான்.

அவன் உருட்டுவான், ரேலீன் படம் எடுப்பாள். வருஷம் முழுக்க எடுத்த படங்களில் பன்னிரண்டைப் பொறுக்கி கிளப்புக்கு காலண்டர் போடுவது அவள் வேலை. கணினியில் படத்தைத் திறந்து, வெள்ளைச் சட்டைகளில் ஒட்டியிருக்கும் கரித் துணுக்குகளை ஒவ்வொன்றாக அழிப்பாள். அதற்கென்று ஒரு தூரிகை உண்டு. புள்ளிமேல் வைத்து அழுத்தினால் பக்கத்திலிருக்கும் நிறத்தை எடுத்துப் பூசிவிடும். கிளப் தலைவர் கோல் வருஷா வருஷம் ஒரே நக்கலைத்தான் அடிப்பார். "ரே கைக்குப் படம் போனா சலவைக்குப் போன மாதிரி. எங்க வீட்டு மெஷின்லகூட இவ்ளோ வெளுப்பு வராது."

அந்த வருஷம் அவளுடைய பழைய கணினித் திரை சாகக் கிடந்தது. மகள் தானியா பள்ளியில் படித்தபோது வாங்கிய சதுரப் பெட்டி அது. ஓரங்கள் மஞ்சளாகி, நிழல் விழுந்த இடமெல்லாம் தார் பூசியதுபோல் ஒரே கருப்பாகத் தெரியும். பெரிய நகரமான டவுன்ஸ்வில்லில் இருக்கும் தானியாதான் சொன்னாள், ஃபோர்-கே திரையெல்லாம் இப்போது மலிந்துவிட்டது, தள்ளுபடியில் முந்நூறு டாலருக்குள் வரும் என்று. பெயர் தெரியாத கம்பெனி. உயரத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாத கால். அடியில் தடவித் தேட வேண்டிய ஒரே ஒரு பொத்தான். ஆனால் இருபத்தேழு அங்குலம்.

ரீனோ பெட்டியைக் காரிலிருந்து இறக்கும்போதே ஆரம்பித்தான். "பொண்டாட்டி டிவி வாங்கியிருக்கா. சேனல்தான் வராதாம்."

"கீழ போடாம தூக்கு. அப்புறம் பேசு."

திரையைப் பொருத்தி உயிர்கொடுத்ததும் ரேலீன் மூக்குக்கண்ணாடியைத் தேடினாள். எழுத்துகள் எறும்புபோல் ஊர்ந்தன. சுட்டியை நகர்த்தினால் அம்பு தயங்கித் தயங்கிப் பின்னால் வந்தது. தானியாவுக்கு போன் போட்டாள்.

"பழைய வயரையே சொருகியிருக்கியாம்மா?"

"அது நல்லாத்தானே இருக்கு?"

"பெட்டிக்குள்ள புதுசு ஒண்ணு இருக்கும் பாரு. அதப் போடு. அப்புறம் செட்டிங்ஸ்ல எழுத்து அளவு நூறுன்னு இருக்கும், நூத்தம்பது ஆக்கு. அப்பா பக்கத்துல இருக்காரா? அவரத் தொட விடாத."

"கேக்குது எனக்கு," என்றான் ரீனோ.

வயரை மாற்றி, எழுத்தைப் பெரிதாக்கி, கொஞ்சம் நீலம் பாய்ந்திருந்த நிறத்தை, போன வருஷ காலண்டரைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துப் பார்த்து சரிசெய்து முடிக்க ஒரு முழுக் காலை ஆயிற்று. அதன் பிறகு ஒரு படத்தைத் திறந்தாள். புல் தெரிந்தது. பச்சைப் பரப்பாக இல்லை, ஒவ்வொரு புல்லாக. கோலின் சட்டைப் பித்தானில் நூல் பிரிந்திருப்பது தெரிந்தது. தொப்பிகளுக்கு அடியில் இதுவரை கருப்பாகக் கிடந்த இடத்தில் காதுகள் இருந்தன, முடிகள் இருந்தன. ரேலீன் தனியாக உட்கார்ந்து சிரித்தாள்.

அடுத்த படத்தில் ரீனோ குனிந்து பந்தை விடுகிறான். தொப்பி விளிம்பின் நிழலில், இடது காதுக்குக் கீழே, கழுத்தில் ஒரு கரும்புள்ளி. மலிவுத் திரை, வந்த அன்றே பழுதா என்று நினைத்து மென்துணியால் கண்ணாடியைத் துடைத்தாள். போகவில்லை. படத்தைப் பக்கவாட்டில் நகர்த்தினாள். புள்ளியும் கூடவே நகர்ந்தது. அப்படியானால் திரையில் குறையில்லை, வழக்கமான கரிதான். தூரிகையை எடுத்து வைத்து அழுத்தினாள். கழுத்து சுத்தமாயிற்று.

கை அடுத்த ஆளின் சட்டைக்குப் போனபோதுதான் பின்னணியில் வேலியில் கட்டியிருந்த துணிப் பதாகை கண்ணில் பட்டது. ஈஸ்டர் கோப்பை.

அந்த வருஷம் ஈஸ்டர் வந்தது ஏப்ரலில். ஏப்ரலில் எங்கள் ஊரில் யாரும் கரும்பு கொளுத்துவதில்லை.

செய்ததை ஒரு படி பின்னால் எடுத்தாள். புள்ளி திரும்பி வந்தது. பெரிதாக்கினாள். ஓரம் ஒழுங்கில்லாமல், ஒரு பக்கம் பழுப்பும் ஒரு பக்கம் கருப்புமாக இருந்தது. தோலுக்கு மேலே ஒட்டிய பொருளாக இல்லை.

கரி அழிக்காத மூலப்படங்களை அவள் எறிந்ததில்லை. போன வருஷத்தைத் திறந்தாள். அதே இடத்தில் இருந்தது, கொஞ்சம் சின்னதாக. அதற்கு முந்தைய வருஷத்திலும் இருந்தது. காலண்டருக்குப் போன பிரதியில் மட்டும் எங்கேயும் இல்லை. கழுத்தில் வெயில் பட்ட அந்தப் படங்களில் பழைய திரையிலும் அது கரியாகத் தெரிந்திருக்க, அவள்தான் துடைத்திருந்தாள். வருஷம் தவறாமல், சட்டைக் கரியோடு சேர்த்து.

கொட்டகையில் ரீனோ புல்வெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரேலீன் பின்னால் போய் நின்று அவன் தொப்பியைக் கழற்றினாள். முப்பத்தைந்து வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவள்தான். கணவனின் காதுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று யார் பார்க்கிறார்கள். சுருள் நரைமுடியை விரலால் ஒதுக்கினாள்.

"என்ன, பேன் பாக்குறியா?"

"இது எப்பலேர்ந்து இருக்கு?"

"எது?"

அவன் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தாள்.

"மச்சம். எங்கப்பனுக்கும் இருந்துச்சு."

"உங்கப்பனுக்கு மூக்குலதான் இருந்துச்சு. டாக்டர்கிட்ட காட்டணும் ரீனோ."

"காட்டலாம், காட்டலாம். கரும்பு சீசன் முடியட்டும்."

"நீ எங்க கரும்பு வெட்டுற?"

அவன் தொப்பியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டான். "முந்நூறு டாலர் டிவி சொல்றத வெச்சுகிட்டு ஆள அறுக்கக் கூப்புடுற. அதத் திருப்பிக் குடு மொதல்ல. ரெண்டு வாரம் டைம் இருக்குல்ல?"

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் முகத்தை அவள் பக்கம் திருப்பவில்லை. அவன் அண்ணன் ஆல்டோ முதுகில் ஒரு சின்ன மச்சத்தைக் காட்டத் தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர். அடுத்த அறுவடையை அவர் பார்க்கவில்லை. டாக்டரிடம் போனதால்தான் உயிர் போயிற்று என்று ரீனோ வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவன் எந்த டாக்டர் முன்னாலும் சட்டையைக் கழற்றியதும் இல்லை. ரேலீனுக்கு அது தெரியும். அதனால் அவனை விட்டுவிட்டு வீட்டுக்குள் போனாள்.

சனிக்கிழமை காலை, மாவட்ட இரட்டையர் ஆட்டத்துக்குக் கிளம்ப நேரமிருந்தது. ரீனோ தன் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டு அவள் அறைக்குள் வந்தான். மகளின் பழைய படுக்கையறை அது. ஜன்னல் திரையை இழுத்து மூடியிருந்தாள். மேசைமேல் புதிய திரை வெளிச்சமாக நின்றது. அதில் ஒரே கழுத்து வரிசையாக இருந்தது. பழைய திரையில் இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே ஒன்றும் விளங்காது. இதில் எட்டு வருஷப் படங்களும் துல்லியமாக நின்றன. ஒரே காது, ஒரே தொப்பி. முடி வருஷத்துக்கு வருஷம் நரைத்துக்கொண்டு வந்தது. புள்ளி முதல் படத்தில் இல்லை. மூன்றாவதில் மிளகை ஒடித்துப் போட்டதுபோல் இருந்தது. கடைசியில் இருந்ததை அவன் நின்றபடியே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"யாரு இது?"

"தெரியலையா?"

பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்தான். கண்ணாடி அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான்.

"இவ்ளோ வருஷமா காலண்டர்ல இருக்கேன். அதுல ஒண்ணும் இல்லையே?"

"நான்தான் அழிச்சேன். கரின்னு நெனச்சு." திரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். "உன் கழுத்த நான்தான் துடைச்சுத் துடைச்சு வெச்சிருக்கேன்."

வெளியே கோலின் கார் ஹாரன் அடித்தது. ரீனோ எழவில்லை.

"ஆல்டோ முதுகையும் யாராவது படம் புடிச்சிருந்தா," என்று தொடங்கினான். ஹாரன் இன்னொரு தடவை அடித்தது. அவன் தொப்பியை மடியில் வைத்து விளிம்பைத் தடவினான். "திங்கக்கிழமை போன் போட்டு நேரம் வாங்கு. ஆனா காரை நீதான் ஓட்டணும். நான் ஓட்டிட்டுப் போகமாட்டேன்."

அன்றைக்கு ஆட்டத்தில் அவன் படுமோசமாகத் தோற்றான். காரணத்தை கோலிடம் சொல்லவில்லை.

ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் அடுத்த ஊரிலிருக்கும் டாக்டர் பார்த்தவுடனேயே அதை வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை ரீனோ வேலி முழுவதற்கும் வண்ணம் அடித்தான். ரேலீன் எந்தப் படத்தையும் திறக்கவில்லை. வந்தது நல்ல செய்தி என்றும் சொல்ல முடியாது, கெட்டது என்றும் சொல்ல முடியாது. கெட்ட சாதிப் புற்றுதான், ஆனால் தோலின் மேலோடு நின்றிருந்தது. டவுன்ஸ்வில்லில் அதைச் சுற்றி இன்னும் அகலமாக வெட்டித் தைத்தார்கள். ஓரங்களில் ஒன்றுமில்லை என்றார்கள். மூன்று மாதத்துக்கொரு முறை வந்து சட்டையைக் கழற்றச் சொன்னார்கள்.

அதற்குள் அவன் அதைக் கதையாக்கிவிட்டான். கிளப்பில் பீர் வாங்கிக் கொடுத்தவர்களிடமெல்லாம் காதை மடக்கிக் காட்டினான். "எங்க வீட்டு டிவி கண்டுபுடிச்சது. சேனல் வராது, ஆனா டாக்டர் வருவார்."

ரேலீன் அந்தக் கதைக்குச் சிரிப்பதில்லை. அந்த சீசன் படங்களைக் கரி அழிக்காமல் அப்படியே கிளப் பலகையில் மாட்டினாள். கோல் வந்து பார்த்துவிட்டு முறையிட்டார்.

"என்ன ரே இது? என் சட்டையப் பாரு, கரி அள்ளிக் கொட்டின மாதிரி. மெஷின் ரிப்பேரா?"

"கரி இருந்துச்சு, இருக்கு. உனக்கென்ன?"

"காலண்டரும் இப்படியேதான் வருமா?"

"பாக்கலாம்."

அக்டோபரில் காலண்டர் வேலை தொடங்கியது. அச்சகத்துக்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். அட்டைப்படத்துக்கு கிளப்பில் எல்லோரும் ஒரே படத்தைத்தான் சொன்னார்கள். தையல் பிரித்த பிறகு ரீனோ ஆடிய முதல் ஆட்டம் அது. பந்தை விட்டுவிட்டு ஒரு காலில் நின்று, அதை வாயாலேயே திருப்பிவிடுவதுபோல் உதட்டைக் கோணிக்கொண்டு நிற்கிறான். தொப்பி பின்னால் சரிந்து கழுத்தில் வெயில் விழுகிறது. காதடியிலிருந்து சட்டைக் காலர்வரை தழும்பு சிவப்பாக ஓடுகிறது. புதிய திரையில் தையல் போட்ட தடம்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது.

ரேலீன் அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூரிகையின் சின்ன வட்டம் திரையின் நடுவில் சும்மா நின்றது. ரீனோ தேநீர்க் கோப்பையை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, நாற்காலி முதுகைப் பிடித்தபடி குனிந்தான்.

"நல்லாத்தான் இருக்கேன், இல்ல?"

"வாயப் பாரு."

"வாய் அப்படியே இருக்கட்டும்." அவன் விரல் திரையைத் தொடாமல் கழுத்தருகே வந்து நின்றது. "இத மட்டும் அழிச்சிடேன் ரே. வருஷம் பூரா ஊர்க்காரன் அடுப்படியில தொங்கப்போறேன். உனக்கு ஒரு நிமிஷ வேலைதானே?"

ரேலீன் சுட்டியிலிருந்து கையை எடுத்தாள். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தவள், அவன் காலரைத் தூக்கிவிட்டு, மடிப்பை விரலால் நீவி சரிசெய்தாள். அவன் இன்னும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு அறையைவிட்டுப் போனாள். திரையில் தழும்பு அப்படியே இருந்தது.