மூன்று முறை எழுதிய பாலம்

அத்தான் பச்சை மையில் எழுதித் தந்த அந்த ஒற்றைத் தாள் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. எண்பதுகளின் கடைசி, ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில்லில் என் வாடகை வீட்டில் அக்கா குடும்பம் வந்து இறங்கி மூன்றாவது கிழமை. அத்தான், அதாவது அக்காவின் கணவர், ஊரில் வீதியும் பாலமும் கட்டிய எஞ்சினியர். இங்கேயும் அந்தத் தொழில் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் தொழிற்சாலையில் பெட்டி அடுக்க வேண்டியதுதான். அவர் கட்டியவற்றின் பட்டியலை டைப் அடித்துக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

ஊரில் போர் தொடங்கிய பிறகு கட்டியவை என்று இருந்த கடைசி மூன்று வரியும் ஒரே பாலம். பாவம், பயணக் களைப்பில் வந்த மறதி என்று நினைத்தேன். நான்கு வருடம் முன்னே வந்த கெட்டிக்காரி அல்லவா நான். அவரிடம் ஒரு வார்த்தை கேளாமல் இரண்டு வரியை வெட்டினேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்றால் இதுதான்.

நேர்முகத்தில், கடைசி மூன்று வருடத்தில் ஒரு சின்னப் பாலம்தானா என்று கேட்டார்களாம். அத்தானுக்குத் தாளைப் பார்த்ததும் என் கைவரிசை விளங்கிவிட்டது. ஆனாலும் என்னைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை, ஆமாம் என்றுவிட்டு வந்திருக்கிறார். வேலை போயிற்று. வீட்டுக்கு வந்தும் அவர் ஒரு சொல் ஏசவில்லை, அதுதான் எனக்கு அதிகம் சுட்டது. அக்காதான் சொன்னாள்: கட்டிய பாலம் குண்டில் போனது, திரும்பக் கட்டினார், அதுவும் போனது, மூன்றாம் முறையும் கட்டினார்.

மூன்று வரியையும் திரும்ப அடித்தேன். அடுத்த கம்பெனிக்கு நானே காரில் கூட்டிப்போனேன். திரும்பி வரும்போது, என்ன கேட்டார்கள் என்றேன்.

“திரும்பவும் உடைப்பினம் எண்டு தெரிஞ்சும் ஏன் கட்டினனீங்கள் எண்டு கேட்டவை. ஆஸ்பத்திரி அக்கரையில இருந்தது எண்டன்.”

வேலை கிடைத்தது. அக்கா பாயாசம் காய்ச்சினாள். அன்றைய தபாலில் ஊர்க் கடிதமும் வந்தது. பாலம் மறுபடி போய்விட்டதாம். பாயாசத்தைத் தள்ளி வைத்துவிட்டு அத்தான் என்னிடம் எழுதக் கடதாசி கேட்டார்.

“நாலாவது தரம் கட்டிறதுக்கெண்டு பனங்குற்றியள் ஒளிச்சு வைச்சனான், பிள்ளை. எங்க கிடக்கு எண்டு ஆருக்கும் சொல்லாமல் வந்திட்டன்.”

அந்தப் பனைமரத் துண்டுகள் இருக்கும் இடத்தைச் சொல்லி ஊருக்கு இரண்டு பக்கம் எழுதினார். நானே கொண்டுபோய்த் தபாலில் போட்டேன். இன்றைக்கும் ஆக்லாந்தில் ஏதாவது ஒரு பாலத்தைக் கடக்கும்போது, அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று யோசிக்கிறேன். அத்தான் உயிரோடு இருந்தவரை அதைக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.