மூன்று பக்கத்துக்கு ஆன செலவு

"உங்க அண்ணனுக்கு ஒரு டாக்டர் லெட்டர் வாங்கிக் கொடுங்கம்மா, அவருக்குத்தான் நல்லது" என்று தொழிற்சாலையின் பர்சனல் ஆபீசர் எனக்குப் போன் செய்து சொன்னார். கன்னடத்தில்தான் சொன்னார். அவர் குரலில் இருந்த இனிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மைசூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எட்டு வருஷமாக, வெளியூர் அழைப்புகளை இணைக்கும் ட்ரங்க் போர்டில் உட்கார்ந்து வந்தவள் நான். பேசுகிறவர் எதையாவது ஒளித்துப் பேசினால் எனக்குக் காதில் தட்டும்.

தொண்ணூற்று நாலாம் வருஷம். அண்ணனுக்கு முப்பத்தாறு வயது, எனக்கு இருபத்தொன்பது. அப்பா ரயில்வேயில் இருந்து காலமானவர். அவர் கட்டிய யாதவகிரி வீட்டில் அம்மா, அண்ணன், நான் மூவரும் இருந்தோம். அண்ணனுக்கு அடுத்துப் பிறந்த அக்கா கல்யாணமாகி அதே ஊரில் ஜெயநகரில் இருந்தாள். அண்ணன் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் பதினோரு வருஷமாக வேலை பார்த்தான். எந்த உதிரிபாகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று லெட்ஜரைப் பார்க்காமல் சொல்வான். யாரோடும் பேச மாட்டான். அங்கே பேச வேண்டிய தேவையும் இல்லை.

புதிதாக வந்த இந்த ஆபீசர் அவனை டிஸ்பாட்ச் கவுன்ட்டருக்கு மாற்றினார். அங்கே இரண்டு போன், ஓயாமல் வந்து போகும் லாரிக்காரர்கள், ஒரே கூச்சல். நாலாவது நாள் அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு எழுந்துபோய்ப் பழைய ஸ்டோர்ஸுக்குள் நுழைந்து உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். ஷிப்ட் முடியும்வரை திறக்கவில்லை. மறுநாள் மெமோ வந்தது. அதற்குப் பிறகுதான் இந்த இனிப்பான போன்.

யூனியன் செயலாளரைப் போய்ப் பார்த்தேன். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். கம்பெனி ஆள் குறைக்கப் பார்க்கிறது, மூளை சம்பந்தமாக நீங்களே ஒரு காகிதம் கொண்டுவந்து கொடுத்தால் அதைக் காட்டியே வேலைக்கு லாயக்கில்லை என்று அனுப்பிவிடுவார்கள் என்றார். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். ஆனால் இவர் எதற்குக் கதவைச் சாத்தினார் என்றும் யோசித்துக்கொண்டே வந்தேன்.

போர்டில் என் பக்கத்து இருக்கைக்காரியின் மகள், விசேஷக் கவனிப்புத் தேவைப்படும் குழந்தைகளுக்கான ஒரு தனிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். என் கதையைக் கேட்டுவிட்டு அந்தத் தாய் ஒரு ஜெராக்ஸ் தாள் கொடுத்தாள். ஆட்டிசம் என்ற வார்த்தையை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். குழந்தைகளைப் பற்றித்தான் எழுதியிருந்தது. பஸ்ஸில் படித்தபோது வரிக்கு வரி அண்ணன் மாதிரியே இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது. வாரபலன்கூடப் படிக்கும்போது நமக்கென்றே எழுதியது போலத்தான் இருக்கும்.

தாளைக் கைப்பையில் ஒளித்து வைத்திருந்தேன். அண்ணன் எடுத்துவிட்டான். மறுநாள் காலையில் காபி டம்ளருக்குப் பக்கத்தில் அது இருந்தது. ஏழு வரிகளுக்கு ஸ்கேல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டிருந்தான். இரண்டு வரிகளுக்குப் பக்கத்தில் 'தப்பு' என்று எழுதியிருந்தான்.

"இதை யார் பார்த்துச் சொல்லுவாங்க?" என்று கேட்டான்.

"இது சின்னப் பசங்களுக்கு வர்றது அண்ணா."

"பசங்க பெரிசானா என்ன ஆவாங்க?"

அதையே அரசு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரிடம் கேட்டபோது அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. பெரியவர்களுக்கு அப்படிச் சீட்டு எழுதும் வழக்கமில்லை, தூக்க மாத்திரை வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்றார். கடைசியில் பக்கத்து இருக்கைக்காரிதான் சரஸ்வதிபுரத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்த மனோதத்துவ டாக்டரம்மாவைச் சொன்னாள். வெளிநாட்டில் படித்தவராம். முதல் தடவைக்கு நூறு ரூபாய், அப்புறம் ஒவ்வொரு முறையும் இருநூறு, மொத்தம் ஆறு முறை வர வேண்டும், ரிப்போர்ட்டுக்குத் தனியாக ஐந்நூறு. என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல். அண்ணன் தன் சேமிப்பிலிருந்து தருவதாகச் சொன்னான். மெமோ விஷயத்தில் வேலையே போய்விட்டால் அந்தச் சேமிப்புதான் மிச்சம் என்று பயந்து, என் பணத்தையே எடுத்தேன்.

டாக்டரம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். குறைவாகப் பேசினார். முதல் நாள் அண்ணன் முன்னால் கலர் கலராக மரக்கட்டைகளை வைத்து, படத்தில் இருப்பதுபோல அடுக்கச் சொன்னார். சிறுவர் பள்ளியில் கொடுப்பதுபோன்ற கட்டைகள். இதற்கா நூறு ரூபாய் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். இரண்டாம் முறை படங்களைக் காட்டி, இதில் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று கேட்டார். "படத்துல இருக்கறவர் எப்படி நினைப்பார்?" என்றான் அண்ணன். அதையும் எழுதிக்கொண்டார். எந்தத் தொழிற்சாலை, யார் மேலதிகாரி என்று கேட்டு அதையும் எழுதிக்கொண்டார். அது ஏன் என்று எனக்கு உறுத்தியது. ஆபீசருக்கும் இவருக்கும் ஏதாவது தொடர்பு இருக்குமோ என்று அன்றிலிருந்து தோன்ற ஆரம்பித்தது.

இதற்குள் விஷயம் அக்காவுக்குப் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள். அவள் வீட்டுக்காரர் சொல்லி அனுப்பியிருக்கிறார் என்பது அவள் முதல் வார்த்தையிலேயே தெரிந்தது.

"அவனுக்குப் புத்தி சரியில்லேன்னு எழுதி வாங்கிட்டா வீட்டுல அவன் கையெழுத்து செல்லாது. அப்புறம் யார் பேருக்கு மாறும்? நீதானே கூட இருக்கே?"

அந்த எண்ணம் எனக்கு வந்ததே இல்லை என்று சத்தியம் செய்தேன். அவள் நம்பவில்லை. அவள் போன பிறகு யோசித்தேன். வீட்டுப் பத்திரத்தைப் பற்றி எனக்குத் தோன்றாதது இவர்களுக்கு ஏன் உடனே தோன்றியது? அன்றிலிருந்து பத்திரம் இருந்த பீரோவின் சாவியை நான் வைத்துக்கொண்டேன். அதைப் பார்த்த அம்மா என்னையே ஒரு மாதிரிப் பார்த்தாள்.

நான் வெட்கப்பட வேண்டிய காரியம் ஒன்றும் அந்த மாதத்தில்தான் நடந்தது. டாக்டரம்மாவின் போனில் எஸ்.டி.டி. வசதி இல்லை. ஒரு மதியம் பெங்களூருக்கு அவர் பதிவு செய்த ட்ரங்க் கால் என் போர்டுக்கு வந்தது. இணைப்பு கிடைத்ததும் போர்டின் விசையைத் தள்ளிவிட்டு, பேச்சைக் கேட்காமல் நாங்கள் விலகிவிட வேண்டும். நான் விலகவில்லை. ஆபீசர் பெயர் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

வரவில்லை. அந்தப் பக்கம் இருந்த பெரிய டாக்டரிடம் இவர் கேட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தாறு வயது ஆள் ஒருவர் வந்திருக்கிறார், பெரியவர்களுக்கு நான் இதுவரை பார்த்ததில்லை, என்னிடம் இருப்பதெல்லாம் குழந்தைகளுக்கான கேள்விகள், உங்களிடம் இருக்கும் புத்தகத்தை அனுப்ப முடியுமா, எப்படி எழுதுவது என்று சொல்வீர்களா.

விசையைத் தள்ளினேன். சதி ஒன்றும் இல்லை, தெரியாமல் செய்கிறார். எது மோசம் என்று எனக்குத் தீர்மானிக்க முடியவில்லை. போய்ச் சண்டை போடவும் வழியில்லை. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் என் வேலை போய்விடும்.

அடுத்த முறை நாங்கள் உட்கார்ந்ததுமே டாக்டரம்மா தானாகவே அதைச் சொன்னார். பெரியவர்களை இதற்குமுன் பார்த்ததில்லை, பெங்களூரில் விசாரித்துக்கொண்டுதான் செய்கிறேன், வேண்டாமென்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொன்னதுபோல எனக்குப் பட்டது. நான் கேட்டது அவருக்குத் தெரிந்துவிட்டதா, இல்லை மனசாட்சியா?

அண்ணன் கன்னடத்தில் கேட்டான்.

"நீங்க என்னை வச்சுக் கத்துக்கறீங்க. அப்போ பீஸை யாரு யாருக்குக் கொடுக்கணும்?"

அவன் குத்திப் பேசத் தெரியாதவன். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "மிச்ச நாலு தடவைக்கு வேண்டாம். ரிப்போர்ட்டுக்கு மட்டும் கொடுங்க" என்றார். எண்ணூறு ரூபாய் மிச்சமானதில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இலவசமாகச் செய்கிறவர் அவசரமாக முடித்துவிடுவாரோ என்று அடுத்த கவலை பிடித்துக்கொண்டது.

அவர் அவசரப்படவில்லை. அம்மாவை அழைத்துவரச் சொன்னார். சின்ன வயதில் அவன் எப்படி இருந்தான் என்று தெரியாமல் எதையும் எழுத மாட்டேன் என்றார். அம்மா மூன்று வாரம் சாக்குச் சொன்னாள். கால் வலி, வெயில், அமாவாசை. ஒருநாள் நான் பொறுமை இழந்து கேட்டபோது அரிசியைப் புடைத்துக்கொண்டே சொன்னாள்.

"கல்யாணம் ஆகாத பொண்ணு நீ வீட்ல இருக்கே. இந்தப் பேப்பர் வெளில போச்சுன்னா உன்னைப் பார்க்க யார் வருவாங்க? ஸ்வல்ப யோசிச்சுப் பாரு."

கடைசியில் அண்ணன் போய் அவள் முன்னால் நின்று, "வாம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னான். அவன் எதையும் கேட்கிற வழக்கம் இல்லாததாலோ என்னவோ, மறுநாள் வந்தாள். ஆனால் நான் உள்ளே இருக்கக் கூடாது என்றாள். முக்கால் மணி நேரம் நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். கீழே மருந்துக் கடைக்காரர் என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். என்ன சொன்னாள் என்று சொல்லவில்லை.

ரிப்போர்ட் வந்த பிறகுதான் தெரிந்தது. டைப் அடித்த மூன்று பக்கம். அண்ணன் மூன்று வயதில் பேச்சை நிறுத்தியிருக்கிறான். ஐந்து வயதுவரை ஒரு வார்த்தை இல்லை. ரயில்வே குவார்ட்டர்ஸில் அக்கம்பக்கத்தார் பேசியது தாங்காமல் அப்பா அவனை மார்டள்ளி கிராமத்தில் தன் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். நான் கேட்டு வளர்ந்த கதை வேறு. அத்தைக்குக் குழந்தை இல்லாததால் ஆசைப்பட்டு அவனைக் கொஞ்ச நாள் வைத்துக்கொண்டாள் என்பார்கள். அவன் ஏழு வயதில் பேசிக்கொண்டே திரும்பியபோது, ஒன்றுமே நடக்காததுபோல எல்லாரும் இருந்துவிட்டார்கள்.

"உனக்கு ஞாபகம் இருக்கா அண்ணா?"

"இருக்கு. அங்கே யாரும் பேசச் சொல்லலே. அதான் பேசினேன்."

முடிவில் டாக்டரம்மா, ஆட்டிசத்தின் அடையாளங்கள் சிறுவயது முதல் இருப்பதாகத் தன் அபிப்பிராயம் என்று எழுதியிருந்தார். சர்ட்டிபிகேட் என்ற வார்த்தை எங்கும் இல்லை. அது கவனமா, தப்பித்துக்கொள்வதா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

அக்கா மறுபடி வந்தாள். அண்ணன் தானே எடுத்துக் கொடுத்தான். மூன்று பக்கத்தையும் இரண்டு முறை படித்தாள். மார்டள்ளி வந்த இடத்தில் நிறுத்தி அம்மாவைப் பார்த்தாள், அவளுக்கும் தெரியாதுபோலிருக்கிறது. பிறகும் வீட்டைப் பற்றி எதுவும் இல்லையே என்று என்னிடம் கேட்கத்தான் கேட்டாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் தீபாவளிக்குக்கூட அவள் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

தொழிற்சாலை விசாரணையில் ஆபீசர் அந்த லெட்டரைக் கேட்டாராம். அது தனக்காக வாங்கியது என்று சொல்லி அண்ணன் தர மறுத்துவிட்டான். கம்பெனி டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, வேலைக்குத் தகுதி என்று எழுதினார். யூனியன் செயலாளர் நான் நினைத்ததைவிட நல்ல மனிதர். இரண்டு நாள் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து, ஒரு இன்கிரிமென்ட் வெட்டோடு அண்ணனை ஸ்டோர்ஸுக்கே திருப்பி அனுப்ப வைத்தார். எதற்கு இவ்வளவு பாடுபட்டார் என்று சில மாதம் யோசித்துப் பார்த்தேன். காரணம் எதுவும் அகப்படவில்லை.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை அண்ணன் தனியாகச் சரஸ்வதிபுரம் போய் வந்தான். கையில் புதிதாக டைப் அடித்த இரண்டாம் பக்கம். ஒரு வரி தப்பாக இருந்தது, மாற்றச் சொன்னேன், டைப்பிஸ்டுக்கு இருபது ரூபாய் கொடுத்தேன் என்றான். பழைய பக்கத்தில் 'நண்பர்கள் இல்லை' என்று இருந்தது. அது நான் டாக்டரம்மாவிடம் சொன்னது. புதிய பக்கத்தில் 'ஒரு நண்பர் உண்டு' என்று இருந்தது.

தொழிற்சாலையில் ஃபிட்டர் ஒருவராம். மத்தியானம் இருவரும் ஸ்டோர்ஸுக்குப் பின்னால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, பேசாமல் டிபன் சாப்பிடுவார்களாம். அப்படி ஒருவர் இருப்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.